மின்கலம் இல்லாமல் பிறக்கும் தீப்பொறி

படகின் பின்பலகையில் வெளிப்புறமாக மாட்டி, வேலை முடிந்ததும் கழற்றித் தோளில் வைத்துக் கொண்டுபோகக்கூடிய இயந்திரத்தை அவுட்போர்டு மோட்டார் என்பர். மேலே பெட்ரோலில் இயங்கும் இயந்திரமும், நடுவே நீண்ட தண்டும், நீருக்குள் அமிழும் அடிப்பகுதியில் விசிறியும் கொண்ட இவ்வமைப்பை அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் கேமரன் வாட்டர்மன் என்பவர் முன்னரே விற்பனைக்குக் கொண்டுவந்திருந்தாலும், நார்வேயில் பிறந்து விஸ்கான்சின் மாநிலத்தில் வளர்ந்த ஓலே எவின்ரூட் 1909இல் மில்வாக்கியில் விற்கத் தொடங்கிய ஒன்றரைக் குதிரைத்திறன் இயந்திரமே ஏரிக்கரை மக்களிடம் அதைப் பரவச் செய்தது. 1920களில் ஜான்சன் சகோதரர்கள் எடை குறைந்த அலுமினிய இயந்திரத்துடன் போட்டியில் இறங்கினர். 1930களின் நடுவில் எவின்ரூட், ஜான்சன் ஆகிய இரு பெயர்களும் அவுட்போர்டு மரீன் என்ற ஒரே நிறுவனத்தின்கீழ் வந்தன. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், 1950களில், அந்நிறுவனம் விற்றுத் தள்ளிய சிறு இயந்திரங்களில் கணிசமானவை இன்றும் விஸ்கான்சின், மினசோட்டா போன்ற ஏரி மாநிலங்களின் கொட்டகைகளில் சாய்ந்து கிடக்கின்றன. அவற்றைத் தேடிப் பிடித்து மீண்டும் ஓடவைப்பதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் 1965இல் தங்களுக்கென ஒரு சங்கமே அமைத்துக்கொண்டனர்.

இத்தகைய இயந்திரங்களில் பிஸ்டனும் பல்சக்கரங்களும் அறுபது எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் பெரும்பாலும் நல்ல நிலையிலேயே இருக்கும். கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் இயந்திரம் உயிர்பெறாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் எரிபொருள் வழியில் படிந்த பிசினாகவோ தீப்பொறி இன்மையாகவோ இருக்கும். தீப்பொறி இல்லை என்று தெரிந்த அடுத்த நொடியே பழி, பொறிக்கான மின்னழுத்தத்தை எழுப்பும் காயில் எனும் கம்பிச் சுருளின்மீது விழுந்துவிடும். இந்தப் பழி பாதி நியாயமானது, ஏனெனில் 1950களின் அவுட்போர்டு மரீன் இயந்திரங்களில் காயில் உண்மையிலேயே பலவீனமான உறுப்பு. மீதிப் பாதி அவசரத்தின் விளைவு, ஏனெனில் காயிலுக்கு முன்னும் பின்னும் உள்ள ஆறேழு மலிவான உறுப்புகளில் எது கெட்டாலும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றேதான்.

கொட்டகையில் கிடக்கும் இவ்வியந்திரங்களில் மின்கலம் எதுவும் கிடையாது. கயிற்றை இழுப்பவரின் கைவிசையே மின்சாரமாக மாறுகிறது. அதற்கான அமைப்பை மேக்னட்டோ என்பர். காந்தப்புலம் மாறும் இடத்தில் உள்ள கம்பியில் மின்சாரம் தூண்டப்படும் என்பதை மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டறிந்தார். அந்த விதியைக் கொண்டு, ஸ்பார்க் பிளக்கில் நேரடியாகப் பொறி பறக்கவைக்கும் அளவுக்கு உயர்ந்த அழுத்தம் தரும் மேக்னட்டோவை ஜெர்மனியின் பாஷ் தொழிற்கூடத்தில் கோட்லோப் ஹோனோல்ட் 1902இல் உருவாக்கினார். படகு இயந்திரத்தில் இவ்வமைப்பு முழுவதும், கயிறு சுற்றி இழுக்கப்படும் பிளைவீல் எனும் கனத்த சக்கரத்தின் அடியிலேயே ஒளிந்திருக்கிறது. சக்கரத்தின் உட்புற விளிம்பில் நிலைக்காந்தம் பதிக்கப்பட்டிருக்கும். அதன் கீழே அசையாத தட்டு ஒன்றில் காயில், பாயிண்ட், கண்டென்சர் ஆகிய மூன்றும் திருகப்பட்டிருக்கும். இரண்டு சிலிண்டர் கொண்ட இயந்திரமானால் இம்மூன்றும் இரண்டிரண்டாக, எதிரெதிர்ப் பக்கங்களில் அமைந்திருக்கும்.

காயில் என்பது, மெல்லிய இரும்புத் தகடுகளை அடுக்கிச் செய்த உள்ளகத்தின் மீது சுற்றப்பட்ட இரண்டு கம்பிச் சுருள்களே ஆகும். முதன்மைச் சுருள் தடித்த கம்பியால் குறைந்த சுற்றுகளுடனும், துணைச் சுருள் தலைமயிர் அளவு மெல்லிய கம்பியால் ஏறத்தாழ பத்தாயிரம் சுற்றுகளுடனும் அமைந்திருக்கும். காந்தம் உள்ளகத்தின் முனைகளைக் கடந்து செல்கையில் முதன்மைச் சுருளில் மின்னோட்டம் எழுகிறது. அந்த ஓட்டம் உச்சத்தை எட்டும் தறுவாயில், கிராங்க் தண்டின்மீது பொருத்தப்பட்ட கேம் எனும் மேடிட்ட வளையம் பாயிண்டைத் திறந்து சுற்றை அறுத்துவிடுகிறது. தமிழ்நாட்டு மெக்கானிக்குகள் பிளாட்டினம் என்று அழைக்கும், பழைய ஸ்கூட்டர்களிலும் மொபெடுகளிலும் இருந்த அதே தொடுமுனைதான் இந்தப் பாயிண்ட். ஓட்டம் திடீரென நின்றதும் உள்ளகத்தின் காந்தப்புலம் சரிகிறது. அந்தச் சரிவு முதன்மைச் சுருளில் இருநூறு முந்நூறு வோல்ட் அழுத்தத்தையும், சுற்றுகளின் விகிதத்தால் துணைச் சுருளில் பத்தாயிரம் வோல்ட்டுக்கும் மேற்பட்ட அழுத்தத்தையும் எழுப்ப, பிளக்கின் முனையில் பொறி தாவுகிறது. நிமிடத்துக்கு 4,000 சுற்று ஓடும் இரண்டு வீச்சு இயந்திரத்தில் இந்நிகழ்வு ஒவ்வொரு சிலிண்டருக்கும் நொடிக்கு ஏறத்தாழ 67 முறை நடந்தாக வேண்டும்.

பாயிண்ட் திறக்கும்போது ஓட்டம் தூய்மையாக அறுபடாமல், விலகும் முனைகளுக்கு இடையே சிறு தீயாகத் தொடர முயலும். அப்படித் தொடர்ந்தால் காந்தப்புலம் மெதுவாகத் தேய்ந்து, துணைச் சுருளில் போதிய அழுத்தம் எழாது. அந்த ஓட்டத்தைக் கணநேரம் தன்னுள் வாங்கிக்கொள்ளும் உறுப்பே கண்டென்சர். பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபிஸோ, தூண்டல் சுருளின் துண்டிப்பானுக்கு இணையாக ஒரு கண்டென்சரைச் சேர்த்தால் பொறி வலுப்படும் என்று 1853இல் காட்டியதன் நேரடி வாரிசு அது. சுண்டுவிரல் அளவு உலோக உருளைதான் என்றாலும், அது செத்துப்போனால் நல்ல காயிலும் கெட்ட காயிலைப் போலவே நடந்துகொள்ளும்.

இனி காயிலின் பலவீனத்துக்கு வரலாம். பத்தாயிரம் வோல்ட் அழுத்தம் வெளியேறத் துடிக்கும் ஒரு சுருளைச் சுற்றியுள்ள காப்புப்பொருள் ஓரிடத்தில்கூட இடைவெளி இல்லாமல் இருக்க வேண்டும். 1950களின் காயில்களை மூடியிருந்த வார்ப்புப் பொருள் புதிதாக இருந்தபோது அந்த வேலையை நன்றாகவே செய்தது. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல அது சுருங்கி இறுகி, உள்ளிருக்கும் செம்பும் இரும்பும் வெயிலிலும் பனியிலும் வேறு வேறு அளவில் விரிந்து சுருங்க, இழுவிசை தாங்காமல் வெடித்தது. கோடையில் ஏரியின் ஈரக் காற்றும், குளிர்காலத்தில் உறைபனிக் கொட்டகையும் மாறி மாறி வருத்தும் நாட்டில் இது விரைவாகவே நேர்ந்தது. பிளைவீலைக் கழற்றிப் பார்த்தால், காயிலின் வெளி வளைவில் நீளவாட்டில் ஓடும் விரிசல் கண்ணுக்கே தெரியும். சிலவற்றில் நகம் நுழையும் அளவுக்கு வாய் பிளந்து, உள்ளே பழுப்பேறிய சுருளும் தென்படும். அவ்விரிசலில் ஈரம் புகுந்ததும், பிளக்கின் இடைவெளியைத் தாவ வேண்டிய அழுத்தம் அதைவிட எளிய வழியாக விரிசலின் ஊடே இரும்பு உள்ளகத்துக்கோ தட்டுக்கோ இறங்கிவிடுகிறது. அப்படி இறங்கும் ஒவ்வொரு பொறியும் தன் பாதையில் உள்ள காப்புப்பொருளைக் கருக்கிக் கரிக்கோடு ஒன்றை விட்டுச்செல்கிறது. கரி மின்கடத்தி என்பதால் அடுத்த பொறிக்கு அதே பாதை இன்னும் எளிதாகிறது. விரிசலின்மேல் எபாக்சி பசையையோ நகப்பூச்சையோ தடவி மூடும் வைத்தியம் ஒரு வாரம் வேலை செய்து பிறகு கைவிடுவதற்குக் காரணம், உள்ளே பதிந்துவிட்ட அந்தக் கரிக்கோட்டைப் பசையால் அழிக்க முடியாது என்பதே. எனவே விரிசல் கண்ட காயிலை, அது அப்போது பொறி தந்துகொண்டிருந்தாலும், மாற்றிவிடுவதே சரி.

ஆயினும் ஆராய்ச்சியை வெளியிலிருந்துதான் தொடங்க வேண்டும். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொன்றையும் அதன் வயருடன் இணைத்து, உலோக உடல் இயந்திரத்தின்மீது உறுதியாகப் பதியும்படி வைத்துக் கயிற்றை இழுத்துப் பார்ப்பது வழக்கமான முறை. பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில் இதைச் செய்தல் ஆகாது, பிளக் துளைகளிலிருந்து வெளிவரும் ஆவியும் தீப்பற்றக்கூடியது. ஆனால் இச்சோதனை சற்று ஏமாற்றக்கூடியது. பிளக்கின் 0.75 மில்லிமீட்டர் இடைவெளியைத் திறந்த காற்றில் தாவ அதிக அழுத்தம் வேண்டியதில்லை. சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட கலவையில் அதே இடைவெளியைத் தாவுவது பன்மடங்கு கடினம், ஏனெனில் காற்று நெருங்க நெருங்க அதன் மின்தடுப்பு ஆற்றல் கூடுகிறது. வெளியே பொறி தெரிந்தும் உள்ளே பற்றாமல் போகும் புதிர் இவ்வாறே உண்டாகிறது. ஆகவே அனுபவமுள்ளவர்கள், இடைவெளியைக் கூட்டிக் குறைக்கக்கூடிய பொறிச் சோதனைக் கருவியைப் பயன்படுத்தி, பொறி ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் தூரத்தைத் தடையின்றித் தாவுகிறதா என்று பார்ப்பர். நீல நிறத்தில் 'சடக்' என்ற ஓசையுடன் பாய்ந்தால் மேக்னட்டோ நலமாயிருக்கிறது. மஞ்சளும் சிவப்புமாக நூலிழைபோல் தோன்றினால் எங்கோ கசிவு உண்டு.

பொறி அறவே இல்லையென்றாலும் உடனே பிளைவீலைத் தொட வேண்டாம். காயிலிலிருந்து பிளக்குக்குச் செல்லும் ரப்பர் உறை வயர் பல இயந்திரங்களில் ஆலையில் பொருத்தியபடியே இருக்கும். அதை வளைத்துப் பார்த்தால் தோல் வெடித்து உதிரும், பிளக் தொப்பிக்குள் இருக்கும் சுருள்வில்லோ பச்சைக் களிம்பு ஏறிக் கிடக்கும். இயந்திரத்தை நிறுத்தும் பொத்தான் உள்ள மாதிரிகளில், அப்பொத்தான் செய்வதெல்லாம் முதன்மைச் சுற்றை இயந்திர உடலோடு, அதாவது எர்த்தோடு, இணைத்துவிடுவதுதான் என்பதால், அதன் வயர் எங்காவது உரசித் தோலுரிந்து உடலைத் தொட்டுக்கொண்டிருந்தால் இயந்திரம் எப்போதும் நிறுத்தப்பட்ட நிலையிலேயே இருக்கும். அந்த வயரைக் கழற்றிவிட்டு மீண்டும் இழுத்துப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. இதைச் செய்யாமல் காயிலுக்குப் பணம் கட்டியவர்கள் குறைவல்லர்.

அதன் பின்னரே பிளைவீலைக் கழற்ற வேண்டும். நடுவிலுள்ள பெரிய நட்டை அவிழ்த்ததும் சக்கரம் கையோடு வந்துவிடாது. அது கிராங்க் தண்டின் சரிவான முனையில் இறுகப் பிடித்திருக்கும். சக்கரத்தின் மையத்தில் உள்ள திருகுத் துளைகளில் போல்ட்டுகளை முடுக்கி நடுவே அழுத்தும் புல்லர் கொண்டே அதை எடுக்க வேண்டும். விளிம்பில் கொக்கி மாட்டி இழுத்தால் சக்கரம் நெளியும், சுத்தியலால் அடித்தால் தண்டு வளைவதோடு காந்தமும் தளரலாம். சக்கரத்தையும் தண்டையும் ஒரே கோணத்தில் பிணைக்கும் சிறு உலோகத் துண்டான கீ பாதி வெட்டுப்பட்டிருந்தால் சக்கரம் தன் இடத்திலிருந்து சற்று விலகியிருக்கும். காந்தம் காயிலைக் கடக்கும் நேரமும் பாயிண்ட் திறக்கும் நேரமும் அப்போது ஒத்துப்போகாமல், எல்லா உறுப்பும் நலமாக இருந்தும் பொறி மெலிந்துவிடும்.

நெடுநாள் ஓடாமல் கிடந்த இயந்திரத்தில் பாயிண்ட்டே முதல் குற்றவாளியாக இருக்க வாய்ப்பு மிகுதி. டங்ஸ்டன் முனைகளின்மேல் படியும் சாம்பல் நிற ஆக்சைடு படலம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது, ஆனால் முதன்மைச் சுற்றின் குறைந்த அழுத்தம் அதைத் துளைக்க முடியாமல் நின்றுவிடும். முனைகள் வெறுமனே மங்கியிருந்தால் ஸ்பிரிட்டில் நனைத்த கெட்டித்தாளை இடையே விட்டு இழுத்துத் துடைப்பதே போதும். குழிவிழுந்திருந்தால் மெல்லிய அரத்தால் இலேசாகச் சமன்செய்து, அதன் துகள் ஒன்றும் தங்காதபடி மீண்டும் துடைக்க வேண்டும். உப்புத்தாளைத் தவிர்ப்பது நல்லது, அதன் மணல் துகள்கள் முனையில் பதிந்துகொள்ளும். பிறகு கேமின் மேடு பாயிண்ட்டை முழுதும் திறந்திருக்கும் நிலையில், இடைவெளி 0.020 அங்குலம், அதாவது அரை மில்லிமீட்டர், இருக்கும்படி ஃபீலர் கேஜ் எனும் தகட்டு அளவியால் அமைக்க வேண்டும். இடைவெளி கூடினால் பாயிண்ட் முன்கூட்டியே திறக்கும்; குறைந்தால் பிந்தித் திறக்கும்; இரண்டிலுமே முதன்மை ஓட்டம் உச்சத்தில் இருக்கும் கணம் தவறிவிடும்.

மல்டிமீட்டர் கைக்கு வந்ததும் எல்லாவற்றுக்கும் விடை கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. காயில் விஷயத்தில் அந்நம்பிக்கையைச் சற்று அடக்கி வைக்க வேண்டும். முதன்மைச் சுருளின் மின்தடை ஓர் ஓம் அளவிலேயே இருக்கும் என்பதால், மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொடவைத்து அவற்றின் சொந்தத் தடையைக் கழித்துக்கொள்ளாவிட்டால் அளவீட்டுக்குப் பொருளில்லை. பாயிண்ட்டோடு இணைந்த வயரைக் கழற்றாமல் அளந்தால், மூடிய பாயிண்ட் வழியே ஓட்டம் சென்று சுருள் செத்துவிட்டதுபோல் காட்டும். பிளக் வயரின் முனைக்கும் இரும்பு உள்ளகத்துக்கும் இடையே அளக்கப்படும் துணைச் சுருளின் தடை சில ஆயிரம் ஓம்கள் இருக்கும். முடிவிலி காட்டினால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது, அல்லது வயர் காயிலில் குத்தப்படும் இடத்தில் தொடர்பு விட்டிருக்கிறது. இவை கெட்டதைக் கெட்டது என்று சொல்லும் சோதனைகளே அன்றி, நல்லதை நல்லது என்று உறுதிசெய்யும் சோதனைகள் அல்ல. மீட்டர் தன் மின்கலத்திலிருந்து செலுத்துவது சில வோல்ட்டுகள் மட்டுமே. காப்பு உடைவதோ பல்லாயிரம் வோல்ட்டில். எனவேதான் பழைய படகுப் பட்டறைகளில், முதன்மைச் சுருளுக்கு ஓட்டம் தந்து உண்மையான பொறியை எழுப்பிப் பார்க்கும் மெர்க்-ஓ-ட்ரானிக் போன்ற தனிக் கருவிகள் இருந்தன; விளக்கை அணைத்துவிட்டு அக்கருவியைக் காயிலோடு இணைத்தால், கசியும் இடத்தில் நீலப் பொறி ஊர்வது கண்ணுக்கே தெரியும்.

அத்தகைய கருவி இல்லாதவருக்கு, இரட்டைச் சிலிண்டர் இயந்திரம் வேறொரு எளிய வழியைத் தருகிறது. இரு பக்கத்துக் காயில்களும் ஒரே மாதிரியானவையாதலால், ஒரு சிலிண்டரில் மட்டும் பொறி இல்லையென்றால் காயில்களை இடம் மாற்றிப் பொருத்தலாம். குறை காயிலோடு சேர்ந்து மறுபக்கம் போனால் குற்றம் காயிலுடையது, போகாமல் அங்கேயே நின்றால் பாயிண்ட்டையோ கண்டென்சரையோ பார்க்க வேண்டும். கண்டென்சரின் கொள்ளளவு இவ்வகை மேக்னட்டோவில் 0.2 மைக்ரோஃபாரட் அளவில் இருக்க வேண்டும். பாயிண்ட் முனைகள் விரைவில் கருகிக் குழிவிழுவது கண்டென்சர் தன் வேலையைச் செய்யவில்லை என்பதன் அடையாளம். பாயிண்ட்டும் கண்டென்சரும் விலை குறைந்தவை என்பதால், பிளைவீல் ஒருமுறை கழன்றுவிட்டால் அவற்றையும் சேர்த்தே மாற்றிவிடுவது வழக்கம்.

புதிய காயிலைப் பொருத்துவதில் கைவேலை குறைவு, கவனம் அதிகம். அவுட்போர்டு மரீன் தன் சிறு இயந்திரங்களில் மூன்று குதிரைத்திறன் முதல் பதினெட்டுக் குதிரைத்திறன் வரை பலவற்றுக்கும் ஒரே காயிலைப் பயன்படுத்தியது ஒரு நற்பேறு; 2000ஆம் ஆண்டின் இறுதியில் அந்நிறுவனம் திவாலான பிறகும், எபாக்சியில் வார்த்த மாற்றுக் காயில்களை வேறு தயாரிப்பாளர்கள் இன்றும் செய்து விற்கின்றனர். பிளக் வயராகச் செம்புக் கம்பி வயரையே பயன்படுத்த வேண்டும். வானொலி இரைச்சலைத் தடுக்கக் கார்களில் இடப்படும் கரியிழை வயரைக் காயிலின் உள்ளே நிற்கும் கூர்முனை சரியாகக் குத்திப் பிடிக்காது. வயர் நுழையும் வாயை நீர் புகாதபடி சீல் செய்ய வேண்டும். காயிலின் எர்த் வயர் தட்டைத் தொடும் இடத்தில் வண்ணமோ துருவோ இருந்தால் சுரண்டிப் பளபளப்பான உலோகம் தெரியும்வரை சுத்தம் செய்ய வேண்டும்.

எல்லாவற்றிலும் நுணுக்கமானது காயிலுக்கும் காந்தத்துக்கும் இடையிலான காற்றிடைவெளி. தட்டின்மேல் காயில் அமரும் மேடைகளின் வெளி விளிம்பு எந்திரத்தில் கடைந்து எடுக்கப்பட்டிருக்கும். காயிலின் இரும்புத் தகடுகளின் முனை அந்த விளிம்போடு சமமாக நிற்கும்படி வைத்து, விரல் நுனியால் தடவிப் பார்த்துத் திருகுகளை இறுக்க வேண்டும். உள்ளே தள்ளியிருந்தால் காற்றிடைவெளி கூடிப் பொறி மெலியும். வெளியே நீட்டினால் சுழலும் காந்தம் தகடுகளை உரசித் தேய்க்கும். பிளைவீலை மாட்டிக் கையால் சுற்றிவிட்டு மீண்டும் கழற்றிப் பார்த்தால், தகடுகளின் முனையில் பளிச்சென்ற கீறல் தெரிகிறதா என்பதே இதற்கான தீர்ப்பு.

போருக்கு முந்தைய இயந்திரங்களின் கதை வேறு. 1920களிலும் 1930களிலும் ஒவ்வொரு மாதிரிக்கும் தனித்தனிக் காயில் இருந்தது. மெழுகும் வார்னிஷும் ஊட்டிய துணியும் தாளுமே காப்பாக இருந்தன. மாற்று உறுப்பு எங்கும் விற்பனையில் இல்லை. இவற்றில் ஈரம் மட்டுமே பிரச்சினையானால், காயிலைக் குறைந்த வெப்பத்தில் பல மணி நேரம் உலர்த்தி மின்காப்பு வார்னிஷில் தோய்த்தெடுப்பது சிலகாலம் கைகொடுக்கும். அறுந்த சுருளுக்கு மறுசுற்றுதல் ஒன்றே வழி. தலைமயிர் போன்ற கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள், ஒவ்வோர் அடுக்குக்கும் இடையே காப்புத்தாள் வைத்து, ஒரு கம்பியும் மடிப்பு விழாமல் சுற்றித் தருவோர் மிகச் சிலரே. நவீனக் காயிலின் சுருளைப் பழைய இரும்பு உள்ளகத்தின்மேல் ஏற்றிப் பழைய உறைக்குள் மறைத்துவைக்கும் உபாயமும் உண்டு. அசலைப் பேண விரும்புவோர் இதைக் கண்டு முகம் சுளித்தாலும், சுவரில் தொங்கும் அசலைவிட நீரில் ஓடும் கலப்பே மேல் என்று கருதுவோரின் பக்கமே நியாயம் கூடுதலாகத் தெரிகிறது. இம்முதிய இயந்திரங்களில் காந்தமும் வலுவிழந்திருக்கக்கூடும். 1950களின் அலுமினிய-நிக்கல்-கோபால்ட் கலவைக் காந்தங்களைப் போலன்றி, அதற்கு முந்தைய எஃகுக் காந்தங்கள் தம் ஆற்றலை எளிதில் இழப்பவை, அவற்றுக்கு மீண்டும் காந்தமேற்ற வேண்டியிருக்கும்.

பிளைவீலைத் திரும்ப மாட்டும் முன் தண்டின் சரிவிலும் சக்கரத்தின் துளையிலும் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்து, அந்த மாதிரிக்குரிய முறுக்கு விசையில் நட்டை இறுக்க வேண்டும்; சக்கரத்தைத் தாங்குவது அந்தச் சரிவின் பிடியே, கீ இடத்தைக் காட்டுவதற்கு மட்டுமே. இயந்திரத்தைத் தண்ணீர் நிறைந்த பீப்பாயில் இறக்கியே ஓட்டிப் பார்க்க வேண்டும், ஏனெனில் குளிர்விக்கும் பம்பின் ரப்பர் விசிறி உலர்ந்த நிலையில் சில விநாடிகளில் கருகிவிடும். குளிர்ந்த நிலையில் நன்றாகக் கிளம்பி, கால்மணி நேரம் ஓடியபின் ஒரு சிலிண்டர் தவறத் தொடங்கினால், சூடேறிய சுருளின் உள்ளே மயிரிழை முறிவொன்று விரிந்து தொடர்பை அறுக்கிறது என்று கொள்ளலாம்; ஆறியபின் அளந்தால் மீட்டர் அதே காயிலுக்குச் சரியான எண்ணையே காட்டும். அதனால் ஓட்டச் சோதனையை இயந்திரம் முழுச் சூட்டை எட்டும்வரை நீட்டி, சூடு தணியும் முன்பே 6 மில்லிமீட்டர் இடைவெளியில் இரு சிலிண்டர்களின் பொறியையும் மறுபடி பார்த்துவிட வேண்டும்.